வேலூர் வெயிலில் ஒரு கருப்பு வண்டி

மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்தார். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த மாம்பழக் காந்தம். காலையில் காபி குடிக்க வந்தவர் யாரிடமும் சொல்லாமல் அதைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பெயிண்ட் கீறாமல் இருக்க, கைக்குட்டை முனையை அதற்கு அடியில் கொடுத்து, வெள்ளைக் காரின் முன்கதவில் வைத்தார். ஒட்டியது. பின்கதவில் வைத்தார். ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே பாடி வளைகிற இடத்தில் வைத்தார். பொத்தென்று கீழே விழுந்தது.

"பட்டி" என்றார் மாமா.

"சார், இது கம்பெனி பெயிண்ட் சார். ஒரு டச்சப் கூட இல்ல" என்றான் கூட வந்த பையன்.

"காந்தத்துக்குக் கம்பெனியெல்லாம் தெரியாதுப்பா" என்று மாமா குனிந்து மாம்பழத்தை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பழைய கார் விற்கும் யார்டு அது. ஊர் பேர், கடை பேர் வேண்டாம். என் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. ஒரே மாடல், ஒரே 2017, இரண்டும் பெட்ரோல், ஓடிய தூரத்தில்கூடப் பெரிய வித்தியாசம் இல்லை. ஒன்று வெள்ளை, 4,85,000 சொன்னார்கள். இன்னொன்று கருப்பு, 4,60,000. கருப்புக்கு ஏன் 25,000 குறைவு என்று கேட்டதற்குப் பையன் சொன்ன பதில் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "கருப்புதான் மேடம், ஆனா நல்லா இருக்கும். உள்ள எல்லாம் சுத்தம்."

இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வாக்கியத்தை, இதே மன்னிப்புக் கேட்கும் குரலில், என்னைப் பற்றித் தரகர் ஒருவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். "பொண்ணு கொஞ்சம் நிறம் கம்மி, ஆனா களையா இருக்கும், டிகிரி முடிச்சிருக்கு." அம்மா உள்ளே காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்தச் சம்பந்தம் நிறத்தால் போகவில்லை, ஜாதகத்தால் போனது. அதனால் பெரிய சோகக் கதையொன்றும் இல்லை. ஆனால் யார்டில் அந்தப் பையன் 'ஆனா' போட்டபோது, விலை பேசுவதற்கு முன்பே எனக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இதை மாமாவிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு மாதமாகப் பஞ்சாயத்து. கார் என் சம்பளத்தில், என் லோனில், நான் ஓட்ட. கருத்து மட்டும் தெரு முழுக்க. வீட்டுக்காரர் ரீசேல் கட்சி: "வெள்ளைன்னா நாளைக்கு விக்கப் போனா கேட்டு வாங்குவான்." வாங்குவதற்கு முன்பே விற்பதைப் பற்றி யோசிக்கிற மனுஷன். கொழுந்தனார் பாதுகாப்புக் கட்சி, கருப்பு வண்டி ரோட்டில் எதிரில் வருகிறவன் கண்ணுக்குத் தெரியாதாம். என் பையன் கருப்புக் கட்சி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், அவனுக்குக் காரணமே தேவையில்லை, 'மாஸ்' என்ற ஒரு சொல் போதும். டாடா நிறுவனம் 2019ல் ஹாரியருக்கு டார்க் எடிஷன் என்று விட்டதிலிருந்து, இந்த வயசுப் பசங்களுக்குச் சக்கரம் வரைக்கும் கருப்பாக இருந்தால்தான் வண்டி.

அத்தை சனீஸ்வரன் கட்சி. "கருப்பு வேணாம்மா. சனிக்கு உண்டானது. மொத மொத வாங்குற வண்டி" என்றார். அத்தையிடம் எதிர்வாதம் செய்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குழந்தைக்குக் கண்ணு படக்கூடாதுன்னு கன்னத்துல கருப்புப் பொட்டு வைக்கிறோம் இல்லீங்களா அத்தை? வெள்ளைக் கார் வாங்கினாலும் பம்பர்ல கருப்புக் கயிறு கட்டத்தான் போறோம். இது வண்டி பூராவும் பொட்டுன்னு நெனச்சுக்கோங்களேன்." அத்தை ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அந்தக் கட்சி அதோடு கலைந்தது.

மாமா எந்தக் கட்சியும் இல்லை. சத்துவாச்சாரிப் பக்கம் நாற்பது வருஷமாக டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை. என் அம்மாவின் தம்பி. இப்போது மகன் பார்க்கிறான், இவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறை சொல்கிறார். "வண்டி பாக்கப் போறப்ப என்னைக் கூட்டிட்டுப் போ பாப்பா. கலரை நீ பாரு, தகரத்தை நான் பாக்குறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பட்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. வண்டி இடித்து நசுங்கினால், தகரத்தைத் தட்டி முடிந்தவரை நேராக்குவார்கள். முழுக்க நேராகாத பள்ளத்தில் மாவு மாதிரி ஒரு பசையைப் பூசி, காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பிரைமர், பெயிண்ட், கிளியர் கோட். காய்ந்த பசை தகரம் இல்லை என்பதால் காந்தம் அதில் ஒட்டாது, அடியில் இருக்கிற தகரத்தைத்தான் இழுக்க வேண்டும். மெலிசாகப் பூசியிருந்தால் பிடித்துக்கொள்ளும். கனமாகப் பூசியிருந்தால் விழுந்துவிடும். எங்கள் மாம்பழம் விழுந்தது. அந்த இடத்தில் நல்ல இடி ஒன்று வாங்கியிருக்கிறது. ஆனால் நான் எத்தனை தடவை அந்த வண்டியைச் சுற்றி வந்தேன், குனிந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. பால் மாதிரி இருந்தது.

"வெள்ளைல அப்பிடித்தான்" என்றார் மாமா, டீக்கடையில். "வெள்ளை மழுப்பிடும். கருப்பு வண்டி பட்டறைக்கு வந்தா எனக்கு வயித்தைக் கலக்கும்."

பட்டறையில் வேலை முடிந்த பேனலைச் சோதிக்க அவர்களுக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. மேலே எரிகிற ட்யூப்லைட்தான். கருப்புக் கதவு கண்ணாடி மாதிரி. ட்யூப்லைட்டின் கோடு அதில் நேராக விழ வேண்டும். தகரத்தில் ஒரு அலை இருந்தால் கோடு அந்த இடத்தில் பாம்பு மாதிரி நெளியும். இறக்கி, திரும்பத் தேய்த்து, திரும்ப அடிக்க வேண்டும். வெள்ளையிலும் அந்தக் கோடு விழத்தான் செய்கிறது. ஆனால் வெள்ளை தன் மேல் விழுகிற வெளிச்சத்தையெல்லாம் எல்லாத் திசைக்கும் இறைத்துவிடுவதால், அந்தப் பளபளப்பில் கோடு கரைந்துவிடுகிறது. நெளிவு கண்ணுக்குத் தட்டாது. தகரம் ஒன்றுதான், பசை ஒன்றுதான், தேய்த்த கை ஒன்றுதான்.

பெயிண்ட் அடிப்பதில் இது தலைகீழ் என்றார். கருப்பைப் பொருத்துவது சுலபம், வெள்ளையைப் பொருத்துவதுதான் தலைவலி. கருப்பில் இருப்பது கரி. கண்மை சங்கதிதான், கொஞ்சம் அடித்தாலே அடியில் இருப்பதை மூடிவிடும். வெள்ளையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. நன்றாக மூட இன்னொரு கோட்டு கேட்கும். போதாதென்று வெள்ளையில் ஆயிரம் வெள்ளை. நீலம் கலந்த வெள்ளை, மஞ்சள் கலந்த வெள்ளை, வெயிலில் நின்று பழுத்த வெள்ளை. 'பேர்ல்' என்று சொல்லிக் கூடுதல் காசு வாங்குகிற வெள்ளையில் அபிரகத் தூள் மின்னும். ஒரு கதவை மட்டும் அடித்தால் பக்கத்துக் கதவோடு ஒட்டாது. மாமா இதைச் சொல்லும்போது டீக்கடைக்கு வெளியே நின்ற நாலு வெள்ளைக் கார்களைக் காட்டினார். அதுவரைக்கும் எனக்கு அவை நாலும் ஒரே நிறம். அப்புறம் பார்த்தால் ஒன்றுகூட இன்னொன்று மாதிரி இல்லை. இப்போது சாலையில் எந்த வெள்ளைக் காரைப் பார்த்தாலும் இது என்ன வெள்ளை என்று மனசு கேட்கிறது. தேவையில்லாத வியாதி.

மாமாவின் பட்டறையில் ஸ்பிரே பெயிண்டுக்குப் பழைய ஆட்கள் இன்னும் 'டூக்கோ' என்பார்கள். மர பீரோவுக்கு அடித்தாலும் டூக்கோ, காருக்கு அடித்தாலும் டூக்கோ. சின்ன வயசில் அது ஏதோ தெலுங்குச் சொல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1923ல் கொண்டுவந்த பெயிண்டின் பெயர். ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரைக் கருப்பில் மட்டும் விற்றார், 'எந்த நிறம் வேண்டுமானாலும் கேளுங்கள், அது கருப்பாக இருக்கும்வரை' என்றார் என்று எல்லோருக்கும் ஒரு கதை தெரியும். முழுக் கதை இதுவல்ல. 1908ல் வந்த அந்த வண்டி முதல் சில வருஷங்கள் பச்சை, சிவப்பு, நீலம் என்றெல்லாம் ஓடியது. 1914லிருந்துதான் கருப்பு மட்டும். கருப்பு மலிவு, நீடித்து உழைக்கும், ஒரே நிறம் என்றால் வேலையும் நிற்காமல் ஓடும். அப்புறம் டூக்கோ வந்தது. நாள்கணக்கில் காயவேண்டிய வண்ணங்கள் மணிக்கணக்கில் காய்ந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் அதை முதலில் தன் ஓக்லண்ட் காரில் நீலமாக அடித்து விற்றது. ஃபோர்டும் 1926 மாடலில் வண்ணங்களுக்குத் திரும்பினார். அந்தப் பெயிண்டின் பேர் கடல் தாண்டி வந்து, கம்பெனிக்காரனே மறந்த பிறகும், சத்துவாச்சாரியில் பீரோ அடிக்கிறவர் வாயில் உயிரோடு இருக்கிறது.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள், தூசியைப் பற்றிப் பேசினார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று, வண்டியைப் பார்த்தால் எதிரில் இருப்பவன் என்ன நினைப்பான் என்பது. எங்கள் ஊரில் வெள்ளை என்றால் ஒன்று டிராவல்ஸ், இன்னொன்று ஆபீசர், மூன்றாவது கட்சி. வெள்ளை அம்பாசடர் தலையில் சிவப்பு விளக்கோடு போனால் சைக்கிளை ஓரங்கட்டிய தலைமுறை நான். அந்த வண்டி 2014ல் உற்பத்தி நின்றது, விளக்கு 2017 மே 1 முதல் எடுக்கப்பட்டது, ஆனால் நிறம் மட்டும் அதிகாரத்தோடு ஒட்டிக்கொண்டது. டோல்கேட்டில் வெள்ளை இன்னோவா வந்தால் இன்னும் ஒரு நொடி கூடுதல் மரியாதை உண்டு.

கூட வேலை செய்கிற தோழி மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் வளர்ந்தவள். எந்த நிறம் எடுக்கலாம் என்று மதியச் சாப்பாட்டில் விளையாட்டாகக் கேட்டபோது, அவளும் விளையாட்டாகவே "எதுவும் எடு, வெள்ளையில வேன் மட்டும் எடுத்துராத, சித்தி உங்க வீட்டுப் பக்கமே வராது" என்றாள். சித்தி 2008ல் மன்னாரிலிருந்து வந்தவர். வெள்ளை வேனில் வந்து ஆட்களைத் தூக்கிப் போன காலம் அது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. இங்கே பள்ளிக்கூடக் குழந்தைகளை ஏற்றிப்போகிற வேன் தெருமுனையில் நின்றால்கூடச் சித்தி முதலில் உள்ளே போய்விடுவாராம், அப்புறம்தான் ஜன்னல் வழியாகப் பார்ப்பாராம். எங்கள் வீட்டுப் பஞ்சாயத்தில் அன்றுவரை யாரும் தூக்கி வைக்காத எடைக்கல் அது. சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசாமல் இருந்தோம்.

துர்க்மெனிஸ்தானில் 2018 வாக்கில் தலைநகர் அஷ்காபாத்தில் கருப்புக் கார்களைப் பிடித்துவைத்து, வெள்ளையாக மாற்று என்று உத்தரவு போட்ட செய்தி வந்தது. அப்போதைய அதிபருக்கு வெள்ளைதான் பிடிக்குமாம். அங்கே மாமா மாதிரி ஆட்களுக்கு நல்ல வருமானம் இருந்திருக்கும்.

சரி, யார்டுக்கு வருகிறேன். கருப்பு வண்டியையும் மாமா மாம்பழத்தோடு சுற்றி வந்தார். எங்கேயும் விழவில்லை. ஆனால் வண்டி பார்க்க நன்றாக இல்லை. பானட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல். இடது கதவில் யாரோ சைக்கிள் ஹேண்டில் உரசிய நீளக் கோடு. பின் பம்பரில் சுவரில் இடித்த தழும்பு. "இதான் இந்த வண்டிக்கு நடந்தது எல்லாம். வேற ஒண்ணும் நடக்கல. நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். வெள்ளையை எடுத்தாலும் தப்பில்லை என்றும் சொன்னார்: "பட்டி இருக்குறது குத்தமில்ல பாப்பா. நாங்க பொழைக்கிறதே அதுல. அதைச் சொல்லி முப்பதாயிரம் குறைச்சு வாங்கு. நல்ல வண்டிதான்." வீட்டுக்காரர் முகம் மலர்ந்தது. நான் கருப்பின் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். 4,45,000க்கு முடிந்தது. சைக்கிள் கோட்டுக்கு ஐந்து, பம்பருக்கு ஐந்து, மீதி ஐந்து எதற்குக் குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. 'ஆனா'வுக்காக இருக்கலாம்.

அது தை மாசம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, அத்தையே முன்னால் உட்கார்ந்து வந்தார். தையிலும் மாசியிலும் கருப்புக் காருக்கு இருப்பது மாதிரி ஒரு ராஜவாழ்வு கிடையாது. அப்புறம் கத்திரி வந்தது.

வேலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. சுற்றிலும் பாறை மலை, நடுவில் மணல் மட்டும் ஓடுகிற பாலாறு. பகலில் குடித்த சூட்டை மலை ராத்திரி முழுக்கத் திருப்பி ஊதும். என் ஆபீஸ் பார்க்கிங்கில் நிழல் கிடையாது. ஒரே ஒரு புங்க மரம், அதன் அடியில் மேனேஜர் வண்டி. மே மாதம் ஒருநாள் மூன்று மணிக்கு வெளியே வந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டவள், துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டுதான் இரண்டாம் தடவை தொட்டேன். ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்து முதல் அரை கிலோமீட்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையன் விஞ்ஞானி ஆனான். கொரோனா சமயம் வாங்கிய, நெற்றியில் காட்டி ஜுரம் பார்க்கிற துப்பாக்கி வீட்டில் கிடந்தது. அதை எடுத்துப்போய் மதியம் ஒரு மணிக்கு எங்கள் பானட்டில் காட்டினான். 'ஹை' என்று காட்டியது. எதிர்வீட்டு வெள்ளைக் காரில் காட்டினான். அதுவும் 'ஹை'. மனுஷ ஜுரத்துக்குச் செய்த கருவி, 43 டிகிரிக்கு மேலே அதற்கு ஒன்றும் தெரியாது. வேலூரில் மே மாதம் மதியம் எல்லாமே அதற்குமேல்தான். கடைசியில் பழைய முறைக்கே வந்தோம். உள்ளங்கையை வெள்ளைக் கூரையில் வைத்துப் பத்து எண்ண முடிந்தது. கருப்பில் இரண்டு. மூன்று சொல்லும்போது கை தானாக எழுந்துவிட்டது.

கலிஃபோர்னியாவில் இதையே ஒழுங்கான கருவிகளோடு செய்திருக்கிறார்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் 2011ல் வெளியிட்டது. ஒரே மாதிரி இரண்டு ஹோண்டா சிவிக், ஒன்று கருப்பு, ஒன்று வெள்ளி நிறம், சாக்ரமெண்டோ வெயிலில் ஒரு மணி நேரம். வெள்ளியும் வெள்ளையும் வெயிலைத் திருப்புவதில் ஏறத்தாழ ஒரே ரகம். வெயிலில் சுமார் 60 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். கருப்பு 5 சதவீதத்தை. கூரையின் சூட்டில் 25 டிகிரி செல்சியஸ் வரை வித்தியாசம் வந்தது. ஆனால் உள்ளே காற்றில் வித்தியாசம் 5, 6 டிகிரிதான். ஏனென்றால் கண்ணாடி இரண்டு வண்டிக்கும் ஒன்றுதான். உள்ளே வருகிற வெயிலில் பெரும்பங்கு அது வழியாக வந்து டேஷ்போர்டில் உட்காருகிறது.

5 டிகிரி 'தான்' என்று எழுதிவிட்டேன். மே மாதம் அந்த 'தான்' கிடையாது. ஏசி போட்டு அது குளிர்வதற்குள் நான் பாதி தூரம் வந்துவிடுவேன். கண்ணாடியில் கருப்பு ஃபிலிம் ஒட்டிவிடலாமே என்று மூன்று பேர் யோசனை சொன்னார்கள். 2012 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அதைத் தடுத்த கதையை நானும் மூன்று பேருக்கும் சொன்னேன்: முன், பின் கண்ணாடி 70 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விடவேண்டும், பக்கக் கண்ணாடி 50 சதவீதம் என்பது விதி. நான் செய்தது எளிது. முன்கண்ணாடிக்கு உள்ளே மடக்கு அட்டை, ஸ்டியரிங் மேல் ஒரு வெள்ளைத் துண்டு. ஏறினதும் நாலு கண்ணாடியையும் இறக்கி ஒரு நிமிஷம் ஓட்டி, சூட்டுக் காற்றை வெளியே துரத்திவிட்டு அப்புறம் ஏசி. கருப்புக் காருக்குள் வெள்ளைத் துண்டு போட்டு ஓட்டுகிற என்னைப் பார்த்து வீட்டுக்காரர் சொல்லாமல் சிரித்தார். சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

வெயிலைவிட என்னைப் படுத்தியது தண்ணீர். எங்கள் வீட்டில் போர் தண்ணீர், நல்ல உப்பு. குளித்தால் முடி கயிறாகும் தண்ணீர் காரை மட்டும் விடுமா? காலையில் வெயில் ஏறிய பிறகு கழுவி, துடைக்காமல் விட்டால், ஒவ்வொரு சொட்டும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டம். கருப்பு வண்டிக்கு அம்மை போட்ட மாதிரி. முதல் மாதம் அதை வீட்டுக்காரரின் பழைய பனியனால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். வட்டம் போகவில்லை, யார்டில் பார்த்தேனே, சிலந்தி வலைக் கீறல், அது இன்னும் இரண்டு வலை கூடியது. மாமா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "வண்டியைத் தொடைக்கிறியா, பாத்திரம் தேய்க்கிறியா?"

அவர் சொல்லிக்கொடுத்தது: சாயங்காலம் தகரம் ஆறின பிறகு கழுவு. முதலில் வெறும் தண்ணீரை ஊற்றித் தூசியை இறக்கு, அதற்கு முன் துணி படக்கூடாது. கீறுவது துணி இல்லை, துணிக்கு அடியில் மாட்டின மண். கடைசி வாளி மட்டும் குடிதண்ணீர். மைக்ரோஃபைபர் துணியை அழுத்தாமல், கோலம் அழிக்கிற மாதிரி வட்டமாக ஓட்டாமல், நேராக இழு. பழைய வட்டங்களுக்கு வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து நனைத்து, ஒரு நிமிஷத்தில் கழுவி விடு. வட்டங்கள் போயின. கீறல்கள் போகவில்லை. கம்பவுண்ட் போட்டுப் பாலிஷ் செய்தால் போகும், ஆனால் ஒவ்வொரு பாலிஷும் கிளியர் கோட்டில் கொஞ்சம் சீவி எடுக்கும், அதனால் வருஷத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்றார்.

வெள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லையா என்றால், உண்டு, வேறு மாதிரி. எதிர்வீட்டுக்காரர் மழைக்காலத்தில் வண்டியின் கீழ்ப்பகுதியில் தார்ப் புள்ளியையும் செம்மண்ணையும் சுரண்டிக்கொண்டிருப்பார். சாதாரணத் தூசி மட்டும் அவருக்கு ஒரு வாரம் தெரியாது, எனக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். ராத்திரி பூனை பானட்டில் ஏறி, கூரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பின்கண்ணாடி வழியாக இறங்கிப் போன வழித்தடம் காலையில் துல்லியமாக இருக்கும். இடையில் ஒரு இடத்தில் வழுக்கியிருக்கிறது. அதுவும் தெரியும்.

கொழுந்தனாரின் பாதுகாப்புக் கட்சியை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆவணி மாசம் ஒருநாள் ஆம்பூரிலிருந்து திரும்பி வரும்போது, பள்ளிகொண்டா டோல் தாண்டி, மணி ஆறரை இருக்கும். விளக்குப் போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற வெளிச்சம். இடது பக்கம் முன்னால் போய்க்கொண்டிருந்த லாரி இண்டிகேட்டர் போடாமல் என் பக்கம் சாய்ந்தது. நான் அதன் கதவுக்கு நேராக இருக்கிறேன். ஹாரனில் கையை வைத்து அழுத்தி, பிரேக்கில் ஏறி நின்றேன். லாரி விலகியது. கிளீனர் பையன் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்தான்; திட்டவில்லை, அவன் முகத்தில்தான் பயம் இருந்தது. அவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை. சாம்பல் தார், சாம்பல் வானம், நடுவில் விளக்குப் போடாத கருப்பு வண்டி.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 2007ல் இதை விபத்துக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தது. வெள்ளையோடு ஒப்பிட்டால் கருப்பு வண்டிக்கு விபத்து வாய்ப்பு பகலில் 12 சதவீதம் அதிகம், விடியும் நேரமும் பொழுது சாயும் நேரமும் 47 சதவீதம் வரை. அன்று ராத்திரி இதைப் படித்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. இப்போது ஐந்தரைக்கே ஹெட்லைட்டைப் போட்டுவிடுகிறேன். எதிரில் வருகிறவர்கள் கையை மடக்கி விரித்து 'லைட் எரியுது, லைட் எரியுது' என்று காட்டுவார்கள். நானும் கையை ஆட்டிவிட்டுப் போகிறேன். கொழுந்தனார் இதைப் படித்தால், சரி, நீங்கள் சொன்னது சரிதான்.

இடது கதவின் சைக்கிள் கோட்டை இன்னும் அடிக்கவில்லை. மாமா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், ஒருநாள் பட்டறையில் விட்டுவிட்டுப் போ, சாயங்காலம் எடுத்துக்கலாம் என்று. எனக்கென்னவோ அவசரமில்லை.

போன வாரம் கிரீன் சர்க்கிளில் வண்டிகள் தேங்கி நின்றபோது என் பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் வந்து நின்றது. நம்பரின் கடைசி நாலு எண்ணை நான் மறக்கவில்லை. முன் பம்பரில் கருப்புக் கயிறு, எலுமிச்சை, மிளகாய். பின் கண்ணாடியில் ஒரு குழந்தையின் பேர். சாயங்கால வெயில் படுத்தவாக்கில் அதன் பின்பக்கத்தில் விழுந்திருந்தது. சக்கரத்துக்கு மேலே, மாம்பழம் விழுந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் லேசாக நெளிந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு என் வயசு இருக்கும். என் வண்டியை மேலும் கீழும் பார்த்தார், கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். இறக்கினேன்.

"நம்ம மாடல்தாங்களே. மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

"பதினாறு."

"எனக்கும் பதினாறுதாங்க" என்றார், நிம்மதியாக.